கடைவீதியில் கேட்ட கேள்வி

ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பது வேறு. ஓர் ஊரில் குடியிருப்பது வேறு. சுற்றிப் பார்க்க வந்தவன் கோவிலுக்கும் கோட்டைக்கும் போகிறான். குடியிருப்பவன் கத்தரிக்காய் வாங்கப் போகிறான். ஒரு தேசத்து ஜனங்கள் முன்னே எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கோவிலும் கோட்டையும் சொல்லும். இப்போது எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கத்தரிக்காய்க் கடைதான் சொல்ல வேண்டும்.

அதற்கும் தனியாகப் போய்ப் பிரயோஜனமில்லை. அந்நியன் தனியே கடைக்குப் போனால் சாமானைப் பார்க்கிறான். விலைச் சீட்டைப் பார்க்கிறான். பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறான். அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து போனால்தான், அவர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள், கடைக்காரரிடம் என்ன பேசுகிறார்கள் என்ற சூட்சுமமெல்லாம் தெரிய வரும்.

ஜப்பான் தேசத்தில் கியோட்டோ நகரில் நாம் குடியிருந்த காலத்தில் அப்படி ஒரு மாலைப் பொழுது வாய்த்தது. அடுத்த வீட்டு நண்பர், அவருடைய மனைவி, மனைவியின் தாயார் ஆகிய மூவரும் நம்மையும் அழைத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். தாயாருக்கு வயது எண்பதுக்கு மேல். அவரைப் பாட்டி என்றே இங்கே குறிப்பிடுவோம். நமக்குத் தெரிந்த ஜப்பானிய பாஷை கடைவீதிக்குப் போதும், சபைக்குப் போதாது. போதாத இடத்தில் நண்பர் கைகொடுத்தார்.

முதலில் போனது நிஷிகி அங்காடிக்கு. "கியோட்டோவின் அடுக்களை" என்று அதற்குச் செல்லப் பெயர். பெயரைக் கேட்டுப் பெரிய மைதானம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். அது ஒரு சந்து. நீளம் சுமார் 390 மீட்டர். அகலமோ, எதிரும் புதிருமாக இரண்டு குடும்பங்கள் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டிய அளவு. தலைக்கு மேலே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். இரு பக்கமும் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். பூமிக்கடியில் ஊறும் குளிர்ந்த நீர் மீனைக் கெடாமல் வைப்பதற்கு உதவியதால் இங்கே மீன் கடைகள் தோன்றின என்கிறார்கள். 1615-ஆம் வருஷத்தில் அரசாங்கத்தார் முறையான அநுமதி கொடுத்து இதை மீன் சந்தையாக அங்கீகரித்தார்கள். இதோ ஜாகுச்சூ என்ற புகழ்பெற்ற சித்திரக்காரர் இந்தத் தெருவில் ஒரு மொத்தக் காய்கறி வியாபாரியின் வீட்டில் 1716-ல் பிறந்தவர். கடைகளைச் சாத்திய பிறகு போனால், இரும்புக் கதவுகளில் அவருடைய சேவல்களையும் காய்கறிகளையும் வரைந்து வைத்திருப்பதைக் காணலாம்.

கடைகளுக்குள் நுழைந்தால் நம் கண்ணுக்குப் பழகிய சரக்குகள் வேறு வேஷத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கத்தரிக்காய் இருக்கிறது, ஆனால் கிரிக்கெட் பந்தைவிடப் பெரிதாக, உருண்டையாக, கன்னங்கரேலென்று இருக்கிறது. பச்சை மிளகாய் விரல் நீளத்துக்கு மேல் இருக்கிறது. கடித்தால் வெண்டைக்காயைப் போல் சாதுவாக இருக்கிறது. மிளகாய் என்ற பெயரை வைத்துக்கொண்டு இவ்வளவு நல்ல குணத்தோடு இருப்பது எப்படி என்று அதிசயித்தோம். கட்டையைப் போல் காய்ந்த மீனை இழைப்புளியில் சீவிச் சுருள் சுருளாக விற்கிறார்கள். தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்து நேயர்களுக்கு இது புதிதல்ல; சூரை மீனில் செய்யும் மாசிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன்.

பாட்டி கத்தரிக்காய்க் கடையில் நின்றார். ஒரு காயை எடுத்து, காம்பைப் பார்த்து, கடைக்கார அம்மாளிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் பதில் சொன்னார். பாட்டி மறுபடியும் கேட்டார். இப்படியே ஐந்து நிமிஷம் பேச்சு நடந்தது. பேரம் நடக்கிறது என்று எண்ணி, நாமும் நம் ஊர் நினைவில் சற்று உற்சாகத்துடன் காத்திருந்தோம். கடைசியில் பாட்டி, அட்டையில் எழுதியிருந்த விலையை அப்படியே எண்ணி, அதற்கென்று வைத்திருந்த சிறு தட்டில் போட்டார். கடைக்காரர் கையில் காசை நேரே கொடுப்பது அங்கே வழக்கமில்லை. கடைக்கார அம்மாள், "ஒக்கினி" என்று கியோட்டோ வழக்கில் நன்றி சொல்லித் தலை வணங்கினார்.

"இவ்வளவு நேரம் என்ன பேசினார்கள்?" என்று நண்பரைக் கேட்டோம்.

"எந்த வயலில் விளைந்தது, யார் பயிரிட்டது, இந்த வருஷம் மழை எப்படி என்று விசாரித்தார்."

"விலையைப் பற்றி?"

"விலைதான் எழுதியிருக்கிறதே!" என்றார் நண்பர்.

விலையை எழுதி வைக்கும் இந்த வழக்கத்துக்கு ஜப்பானில் ஒரு சரித்திரம் உண்டு. முற்காலத்தில் ஜவுளி வியாபாரிகள் பிரபுக்களின் வீடு தேடிப் போய்த் துணியைக் கொடுத்துவிட்டு, வருஷத்தில் இரண்டொரு தடவை கணக்குத் தீர்ப்பார்கள். கடனுக்குக் கொடுத்ததால் விலையையும் ஏற்றிச் சொல்வார்கள். 1673-ல் மிட்சுயி தகதோஷி என்பவர், இன்று டோக்கியோ என்று வழங்கும் எடோ நகரில் எச்சிகோயா என்று ஒரு ஜவுளிக் கடை திறந்தார். கடைக்கு வாருங்கள், ரொக்கம் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே விலை, வேண்டிய அளவு வெட்டித் தருகிறோம் என்பது அவர் கொள்கை. இன்று மிட்சுகோஷி என்ற பெயருடன் இருக்கும் பெரிய அங்காடிக்கு அதுதான் பூர்வீகம். மற்ற வியாபாரிகள் முதலில் அவரைப் பகைத்தார்கள். பிறகு அவரைப் பின்பற்றினார்கள்.

நமக்குப் பேரம் பேசுவதில் துவேஷம் கிடையாது. அது ஒரு கலை. சில கடைகளில் ஒரு சிநேகமும்கூட. ஆனால் ஒன்று கவனித்தோம். விலையைப் பற்றிய பேச்சு ஒழிந்துபோனதும் பாட்டியின் வாய்க்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்க வேண்டியிராததால், "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்க அவகாசம் இருந்தது.

அதே சந்தில் அரித்சுகு என்ற கத்திக் கடைக்குப் போனோம். 1560-ல் தொடங்கிய கடை அது. ஆதியில் வாள் செய்த வம்சம். யுத்தங்கள் ஓய்ந்த காலத்தில் அடுக்களைக் கத்திக்குத் திரும்பினார்கள். கத்தி வாங்கினால் வாங்குகிறவர் பெயரை அங்கேயே உளியால் வெட்டிக் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் பற்றிச் சொன்னோம். கல்யாண வீட்டிலிருந்து பாத்திரம் பத்திரமாகத் திரும்புவதற்கு அது உதவும் என்றோம். நண்பரின் மனைவி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "கத்தியின் மறுபக்கத்தைப் பாருங்கள், செய்தவர் பெயரும் இருக்கிறது" என்றார். பார்த்தோம், இருந்தது. நம் பாத்திரத்தில் சொந்தக்காரர் பெயர் மட்டும் இருக்கிறது. அடித்த கன்னார் பெயரைக் காணோம்.

வாங்கிய சாமான்களைக் கட்டுவதற்குப் பாட்டி மடியிலிருந்து ஒரு சதுரத் துணியை எடுத்தார். அதற்கு ஃபுரோஷிகி என்று பெயர். "ஃபுரோ" என்றால் குளியல். முன்னாளில் குளிக்கப் போகும்போது உடைகளைச் சுற்றி எடுத்துப் போன துணி. பிற்பாடு எதையும் சுற்றும் துணியாயிற்று. 2020 ஜூலை மாதத்தில், கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க வேண்டும் என்று சர்க்கார் விதித்தார்கள். அதற்குப் பிறகு சின்னஞ்சிறிசுகளும் இதைத் தேடி வாங்கினார்களாம். தோள் துண்டை விரித்துச் சந்தைச் சாமான்களை மூட்டை கட்டும் நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு இந்த வித்தையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நிற்க. நிஷிகியின் கிழக்குக் கோடியில் ஒரு சிறு கோவில் இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டு, தெரமாச்சி வீதி வழியாக வடக்கே நடந்தோம். தெரமாச்சி என்றால் கோவில் தெரு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹிதேயோஷி என்ற அதிபதி, ஊரிலுள்ள பௌத்த ஆலயங்கள் பலவற்றை இந்த ஒரே வரிசையில் கொண்டுவந்து சேர்த்தார். தெற்குப் பக்கம் சட்டையும் செருப்பும் விற்கும் நவநாகரிகக் கடைகள். வடக்கே போகப் போகத் தேயிலை, காகிதம், தூரிகை, பழம்பொருள் என்று கடைகள் நிதானம் அடைகின்றன. அங்கே ஒரு பழந்துணிக் கடைக்குள் பாட்டி நுழைந்தார்.

பழந்துணி என்றதும் பாத்திரக்காரருக்குப் போடும் சரக்கு என்று நினைக்க வேண்டாம். உள்ளங்கையளவு துண்டைக்கூடக் காகிதத்தில் மடித்து, மரப்பெட்டியில் வைத்திருந்தார்கள். கடைக்காரர் பாட்டிக்கு நெடுநாள் பழக்கமானவர், அவரும் முதியவர். நாம் இந்தியாவிலிருந்து, அதிலும் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று நண்பர் சொன்னதும், அவர் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து எடுத்தது ஒரு பருத்தித் துண்டு. கைக்குட்டை அளவுகூட இல்லை. கருநீலத் தளத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள். நூல் அவ்வளவு சன்னம். தடவினால் பட்டோ என்று சந்தேகம் வரும்.

"சாந்தொமெ" என்றார் கடைக்காரர்.

நாம் நிமிர்ந்து பார்த்தோம். அவர் மறுபடியும், "சாந்தொமெ-ஜிமா" என்றார். "ஜிமா" என்றால் கோடு. "சாந்தொமெ" என்றால்?

நேயர்கள் ஊகித்திருப்பார்கள். மயிலாப்பூரில் கபாலீசுவரர் சந்நிதியிலிருந்து கடலைப் பார்க்கக் கிழக்கே நடந்தால் வரும் சாந்தோம்தான் அது! 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே குடியேறி, தோமையார் பெயரால் அந்த இடத்தை அழைத்தார்கள். அந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறிய கோடு போட்ட துணிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1641 முதல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல், நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற சிறு தீவில் இருந்து ஜப்பானோடு வியாபாரம் செய்ய அநுமதி பெற்ற ஐரோப்பியர் அவர்கள் மட்டுமே. சோழமண்டலக் கரைத் துணி ஜாவாவின் வழியாக அந்தத் தீவில் இறங்கிற்று. எடோ நகரத்துச் செல்வர்கள் அதை உடையாகத் தைத்துக்கொண்டார்கள். தேநீர் விருந்தையே ஒரு தவம்போல் நடத்திய ரசிகர்கள், நம் ஊர்த் துணித் துண்டுகளில் தேயிலைச் சிமிழுக்கு உறை தைத்துப் பொக்கிஷமாகப் பாதுகாத்தார்கள்.

கடைக்காரர் இன்னும் சொன்னார். கோட்டைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும் தீவைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் ஒன்றே. தெற்குத் தீவுகளின் வழியாக வந்த துணி என்பதால் கோட்டுக்கே அந்தப் பெயர் வந்ததாகச் சொல்லுகிறார்கள். பழைய கியோட்டோ வீடுகளின் மர அழிகளுக்குப் பூசும் காவி நிறத்துக்குப் "பெங்கரா" என்று பெயர். அது வங்காளத்தின் பெயர். அந்நிய தேசத்துத் தெருவில் நம் தேசத்துப் பெயர்கள் இப்படி விலாசம் மாறிக் குடியிருக்கின்றன.

சாந்தோம் துணியை வாங்கி உடுத்தியதோடு ஜப்பானியர் நிற்கவில்லை. அதைப் பிரித்துப் பார்த்து நெய்யக் கற்றுக்கொண்டார்கள். யோகஹாமாத் துறைமுகம் 1859-ல் திறந்தபின், இறக்குமதி நூலைக் கொண்டு கவகோயே என்ற ஊரில் அந்த மாதிரியில் ஏராளமாக நெய்தார்கள். சிபா மாநிலத்தில் ததெயாமா என்னும் ஊரில் ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக, தாவரச் சாயத்தில் தோய்த்த நூலைக் கொண்டு கையாலேயே அந்தக் கோட்டுத் துணியை நெய்து வருகிறார்கள். அந்த மாநில அரசாங்கம் அந்தக் கலையைப் பாதுகாக்க வேண்டிய சொத்தாக அறிவித்திருக்கிறது.

பாட்டி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, "சாந்தோம் உங்களுக்குத் தெரிந்த ஊர்தானா?" என்று கேட்டார்.

"நன்றாகத் தெரியும். கடற்கரையில் இருக்கிறது, பெரிய மாதாகோவில் இருக்கிறது" என்றோம்.

"இப்போதும் அங்கே இதை நெய்கிறார்களா?"

கத்தரிக்காய்க் கடையில் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இந்தத் தடவை பதில் சொல்ல வேண்டியவர் நாம். சாந்தோமில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மயிலாப்பூரில் புடவைக் கடைகள் நிறைய இருக்கின்றன. விற்கிறார்கள், நெய்வதில்லை என்று சொன்னோம். சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை என்று ஓர் இடம் உண்டு. 1734-ல் ஆங்கிலக் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றிய சின்னத் தறிப் பேட்டை அது. பெயரில் மட்டும் தறி எஞ்சியிருக்கிறது என்றோம். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் சின்னாளப்பட்டியிலும் இன்னும் பல ஊர்களிலும் கைத்தறி ஓடுகிறது என்பதையும் கொஞ்சம் உரக்கவே சொன்னோம்.

பாட்டி சந்தோஷத்துடன் தலையசைத்தார். "அவர்கள் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்களா?" என்றார்.

அதற்கு நாம் சொன்ன பதில் மெதுவாகத்தான் வந்தது. கடைக்காரர் நம்மை அதிக நேரம் சங்கடத்தில் விடவில்லை. "இங்கேயும் அப்படித்தான். தறி இருக்கிறது, உட்காரப் பிள்ளைகள் இல்லை" என்று சொல்லித் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். அவர் சொன்னது வாஸ்தவம். ஜப்பானில் எல்லாரும் பாட்டியைப் போல் இருக்கிறார்கள் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். அங்கேயும் பெரும்பாலோர் அந்நிய நாட்டு ஆலைகளில் தைத்த மலிவுச் சட்டையைத்தான் போடுகிறார்கள். கியோட்டோவின் புகழ்பெற்ற நிஷிஜின் பட்டுத் தறிகளும் வர வரக் குறைந்தே வருகின்றன.

பாட்டி அன்று ஓர் எளிய கோட்டுத் துணி வாங்கினார். புதிதாக நெய்தது. எந்த ஊர், எவர் தறி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கினார். நண்பரின் மனைவி, "இவ்வளவு விலையா, அம்மா?" என்று காதோடு சொன்னார். பாட்டி சொன்ன பதிலை நண்பர் நமக்கு மொழிபெயர்த்தார்: "நான் இப்போது கொடுக்காவிட்டால், அடுத்த தடவை யாரிடம் வாங்குவது?"

இந்த ஒரு வாக்கியத்தில் பொருளாதார சாஸ்திரம் முழுவதும் இருக்கிறதென்று நாம் சொல்ல வரவில்லை. நம் நெசவு மங்கியதற்கு வாங்குகிறவர்களின் அசட்டை மட்டும் காரணமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி வந்து நம் சந்தையில் குவிந்தது. அதற்குப் பிறகு ஒரு விசித்திரமும் நடந்தது. ஒரு காலத்தில் நம்மிடம் துணி வாங்கிய அதே ஜப்பான், ஆலைகளை ஏராளமாக நிறுவி, 1930-க்குப் பிறகு மலிவுத் துணியை இந்தியாவில் கொண்டுவந்து கொட்டியது. 1933-ல் அந்தத் துணிக்கு நூற்றுக்கு 75 வீதம் சுங்கவரி போட வேண்டிவந்தது. கைத்தறிக்காரர் தத்தளித்த அந்தக் காலத்தில்தான், 1935-ல், இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் சென்னையில் பிறந்தது.

இன்றைய நிலைமை என்ன? 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளரும் நெசவைச் சார்ந்த தொழிலாளருமாக 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் நம் தேசத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்தக் கணக்கைப் படித்தபின், "அவர்கள் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்களா?" என்று கேட்பதற்கே நமக்கு நா எழவில்லை. கற்றுக்கொள்ளச் சொல்ல நாம் யார்? வயிறு நிறைந்தால் பிள்ளைகள் தாமே தறியில் உட்காருவார்கள். நிறையாத வரையில் அவர்கள் வேறு வேலை தேடுவதுதான் நியாயம்.

நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு; அதற்குச் சட்டமும் வேண்டாம், சபையும் வேண்டாம். நம் ஜவுளிக் கடைகளில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். பெரிய கடையில், கண்ணாடிக் கதவுக்குள், சீட்டில் போட்ட விலையை மறு பேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருகிறோம். வாசலில் மூட்டையைச் சுமந்துகொண்டு நெசவாளரே வந்தால், "பாதி விலைக்குக் கொடு" என்கிறோம். கண்ணாடிக் கதவிடம் காட்டாத கெட்டிக்காரத்தனத்தை வேர்வை வடியும் முதுகினிடம் காட்டுகிறோம். பேரம் பேசுகிற கலையைக் கைவிட வேண்டாம். அதைக் காட்டவேண்டிய இடம் எது என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த தடவை நேயர்கள் குடும்பத்தோடு புடவை எடுக்கப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எந்த ஊர்? யார் தறி? கடைச் சிப்பந்திக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் முதலாளியிடம் கேட்பார். நூறு பேர் கேட்டால் முதலாளி சீட்டில் எழுதியே ஒட்டிவிடுவார். 2006 முதல் சர்க்கார் கொடுத்துவரும் கைத்தறி முத்திரை என்று ஒன்று இருக்கிறது. அது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆடி மாதம் வந்தால் தள்ளுபடி வரத்தான் செய்யும்; வரட்டும். விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளட்டும். நெய்தவரின் பெயரை மட்டும் தள்ளிவிடாமல் கேட்டு வைத்துக்கொள்வோம். நானூறு வருஷம் கழித்து அதையும் வேறு தேசத்துப் பழந்துணிக் கடையில் போய்த் தெரிந்துகொள்ளும்படி நம் பேரப்பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம்.